வெள்ளையன் மூக்குக்கும் மூடாக்கு வேண்டும்

எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது மண்புழுவைப் பற்றியோ பஞ்சகவ்யத்தைப் பற்றியோ அல்ல. "நாய் கடிக்குமா?" என்பதுதான். பால் வெள்ளையில், இடுப்பு ஒடுங்கி, நெஞ்சு அகன்று, வாசலில் எழுந்து நிற்கிற வெள்ளையனைப் பார்த்தால் யாருக்கும் அந்தக் கேள்வி வரும். இராசபாளையம் நாய். வயது ஐந்து. எங்கள் 4 ஏக்கர் நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பகலில் மயில், இரவில் காட்டுப்பன்றி. இரண்டுக்கும் நடுவில் நிலக்கடலையைக் காப்பாற்றிக் கொடுப்பவன் அவன்தான்.

சென்ற ஆண்டு மாசிக் கடைசியில் அவன் மூக்கில் ஒரு சின்னப் பொருக்கைப் பார்த்தேன். இடது நாசித் துளையின் மேல் ஓரத்தில், மிளகு அளவுதான். வேலி முள் கீறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது. அடியில் சிவப்பாக ஈரப்புண். மறுபடி பொருக்குக் கட்டியது, மறுபடி உதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதானது.

நாம் இயற்கைவழி உழவர்கள் அல்லவா? கைவைத்தியத்தை விட்டுவிடுவோமா? மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினேன். அவன் ஒரே நக்கில் பாதியை உள்ளே தள்ளிவிட்டுத் தும்மித் தும்மி மூக்கை மண்ணில் தேய்த்தான். புண் இன்னும் கிழிந்தது. அன்று இரவு பன்றிக் கூட்டம் தெற்கு வரப்பு வழியாக உள்ளே வந்து கடலையைக் கிளறிப் போட்டிருக்கிறது. எப்போதும் வேலிக்கு அப்பால் வரும்போதே குரைப்பவன், சத்தம் கேட்ட பிறகுதான் குரைத்தான். மூக்கு நிறைய வேப்பெண்ணெய் நாற்றம் இருந்தால் பன்றி வாடை எப்படித் தெரியும்? அது எனக்கு உறைத்தது பிறகுதான்.

அடுத்து, மெடிக்கல் கடையில் கேட்டு ஒரு வெள்ளைக் களிம்பு வாங்கி வந்தேன். "வெயில் புண்ணுக்கு நல்லது, குழந்தைகளுக்குக்கூடப் போடுவாங்க" என்றார் கடைக்காரர். இரண்டு நாள் தடவினேன். மூன்றாம் நாள் என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ராணிக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ராணி வெள்ளையனின் தாய். அவளுக்கும் மூக்கில்தான் புண் வந்தது. அப்போது பூரான் கடி என்று ஒருவர் சொன்னார், பாம்பைக் கவ்வியிருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். நாங்களும் பச்சிலை, சுண்ணாம்பு என்று என்னென்னவோ செய்தோம். ஒரு வருசத்துக்குள் புண் நாசித் துளையின் ஓரத்தைத் தின்றுவிட்டது. கடைசி மாதத்தில் வாசனை தெரியாமல் சோற்றை விட்டு விலகிப் படுத்துவிட்டாள். அவளைத் தென்னைக்கு அடியில் புதைத்தோம். என்ன நோய் என்று தெரியாமலே புதைத்தோம்.

மறுநாள் காலையில் வெள்ளையனைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனேன்.

"அந்த மாடு ஞாபகம் இருக்கா, அண்ணாச்சி?"

டாக்டரம்மா எங்கள் மாடுகளைப் பல வருசமாகப் பார்ப்பவர். வெள்ளையன் மூக்கை டார்ச் அடித்துப் பார்த்தார், பிறகு காது நுனிகளைப் பார்த்தார், பிறகு அவனை மல்லாத்திப் போட்டு அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். "பகல்ல இவன எங்க கட்டுவீங்க?" என்றார்.

"கடலைக் காட்டு வரப்புல, மோட்டார் ரூம் பக்கத்துல. மயில் வருதுல்ல."

"நிழலு?"

"தகரம் ஒண்ணு சாத்தி வச்சிருக்கேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உண்ணிச்செடி தின்ன அந்தக் கறுப்பு வெள்ளை மாடு ஞாபகம் இருக்கா, அண்ணாச்சி?" என்றார்.

எப்படி மறக்கும்? முன்பு எங்களிடம் ஒரு கலப்பினப் பசு இருந்தது. ஒரு வறட்சிக் கோடையில் புல் கிடைக்காமல், மலையோரம் உண்ணிச்செடியைக் கடித்துவிட்டது. இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளித்தது, தீனி எடுக்கவில்லை. அப்புறம் தோல் வெந்து உரியத் தொடங்கியது. ஆனால் உடம்பு முழுக்க அல்ல. வெள்ளைத் திட்டுகளில் மட்டும். கறுப்புத் திட்டுகள் அப்படியே இருந்தன. யாரோ அளந்து கோடு போட்டுச் சுட்டது போல இருந்தது. உண்ணிச்செடியின் நஞ்சு ஈரலைக் கெடுக்கிறது. ஈரல் கெட்டால், பச்சை இலை செரித்து வரும் ஒரு பொருள் வெளியேற முடியாமல் இரத்தத்தில் தங்குகிறது. அது தோலுக்கு வந்து வெயில் பட்டதும் தோலை வேக வைக்கிறது. கறுப்புத் தோலில் வெயில் உள்ளே இறங்காததால் அது தப்பிக்கிறது என்று அப்போதே அவர் விளக்கியிருந்தார்.

"இவனுக்கு ஈரல்ல ஒண்ணும் இல்ல. உண்ணிச்செடியும் இல்ல. ஆனா வெயில் செய்யுற வேலை அதே மாதிரிதான். அந்த மாட்டுக்கு வெள்ளைத் தோல். இவனுக்கு ரோஸ் மூக்கு. கறுப்பு இல்லாத எடத்துல வெயில் நேரா உள்ள இறங்குது. நாலு நாள்ல வேகல, நாலு வருசமா வெந்திருக்கு."

நாயின் மூக்கு நுனியில் முடி கிடையாது. பெரும்பாலான நாய்களுக்கு அது கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புதான் மெலனின் என்னும் நிறமி. வெயிலில் இருக்கிற புறஊதாக் கதிரை அது வாங்கித் தடுக்கிறது. இராசபாளையம் நாய்க்கு அந்த நிறமி மூக்கில் இல்லை. முடியும் இல்லை, நிறமியும் இல்லை, வெறுந்தோல். முதலில் தோல் சிவக்கும், காயும், செதில் உதிரும். நாள்பட்டால் தோலின் செல்களே கோளாறாக மாறும். முற்றினால் புற்றுநோய். வெள்ளைப் பூனைகளுக்கு மூக்கிலும் காது நுனியிலும் இது அடிக்கடி வரும். வெள்ளை நாய்களுக்கும் வரும். மல்லாந்து படுத்து வெயில் காயும் பழக்கமுள்ள, முடி குறைந்த வெள்ளை நாய்களுக்கு அடிவயிற்றுத் தோலும் வேகும். அதனால்தான் அவர் வயிற்றையும் பார்த்திருக்கிறார்.

"ராணிக்கும் இதுதானா?" என்று கேட்டேன்.

"பாக்காம சொல்ல முடியாது, அண்ணாச்சி. இவன இப்பக் கூட்டிட்டு வந்துட்டீங்கல்ல. அத நெனைங்க."

மயக்க ஊசி போட்டு, புண் இருந்த ஓரத்தைச் சின்னதாக வெட்டியெடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். முடிவு வருவதற்குள் நான் சரியாகத் தூங்கவில்லை. "புற்று இல்லை. ஆனால் அதற்கு முந்தின படியில் நிற்கிறது" என்று முடிவு வந்தது. வெள்ளையன் மூக்கின் இடது ஓரத்தில் இப்போது ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. அவ்வளவோடு போனது.

வெறும் மண்ணும் வெறும் மூக்கும்

ஆட்டோவில் திரும்பி வரும்போது எனக்கு ஒன்றுதான் மனதில் ஓடியது. பயிற்சிக்கு வருகிற இளைஞர்களிடம் நான் முதலில் சொல்லும் பாடம் மூடாக்கு. "மண்ணை அம்மணமாக விடாதீர்கள். வெயில் பட்டால் மண்ணில் உள்ள உயிர் சாகும்" என்பேன். தென்னந்தோகை, கடலைக்கொடி, கரும்புச் சருகு என்று கிடைப்பதையெல்லாம் அள்ளிக் கொண்டுவந்து மண்ணை மூடுவேன். அதே தோட்டத்தில், அதே வரப்பில், மூடுவதற்கு ஒன்றுமில்லாத ஒரு மூக்கை நான்கு கோடை முழுக்க வெயிலில் கட்டிப் போட்டிருக்கிறேன்.

அந்த மூக்கு சாதாரணமான உறுப்பும் அல்ல. மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஐம்பது அறுபது இலட்சம் என்றால், நாய்க்கு இருபது கோடிக்கும் மேல் என்கிறார்கள். மூக்கு நுனியின் ஈரம் காற்றில் வரும் வாடையைப் பிடிக்க உதவுகிறது. சுவீடன், ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், எதிரே இருக்கும் பொருளிலிருந்து வரும் மெல்லிய வெப்பத்தைக்கூட நாய் தன் மூக்கு நுனியால் உணர்கிறது என்று கண்டிருக்கிறார்கள். இரவில் வேலிக்கு அப்பால் பன்றி வருவதை நான் டார்ச் அடித்துத் தேடும்போது, அவன் மூக்கைத் தூக்கியே சொல்லிவிடுகிறான். அந்தக் கருவியை வைத்துத்தான் நம் வெள்ளாமை வீடு வந்து சேருகிறது.

நிழல் எங்கே விழுகிறது என்று அளந்து பார்த்தேன்

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்து கொஞ்சம்தான். "மருந்து மூணு வாரம், நிழல் ஆயுசுக்கும்" என்றார். நிழல்தானே, எளிது என்று நினைத்தேன். அதில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

முதல் தவறு, நிழல் நிற்கும் என்று நினைத்தது. காலையில் நிழலில் கட்டினால் பதினொரு மணிக்கு அது வெயில். நாய் கட்டிக் கிடக்கிறது, நிழல் நகர்ந்துவிடுகிறது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, மோட்டார் ரூம் பக்கம் உள்ள வேம்பின் நிழல் ஓரத்தில் மணிக்கு ஒரு கல் வைத்தேன். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை எந்த இடத்தில் ஒரு கல்லும் தாண்டாமல் நிழல் இருக்கிறது என்று பார்த்தால், ஒரு கட்டில் அளவு இடம்கூட மிஞ்சவில்லை. வெயிலின் புறஊதாக் கதிர் கடுமையாக இருப்பது அந்த ஆறு மணி நேரத்தில்தான்.

இரண்டாவது, பருவம். எங்கள் பகுதியில் சித்திரை பிறக்கும் வாக்கிலும் ஆவணியிலும் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். கம்பை நட்டால் நிழலே விழாது. இடைப்பட்ட வைகாசி, ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே போவதால் உச்சி நிழல் தெற்கே சாயும். கார்த்திகை, மார்கழி, தையில் வடக்கே நீளும். மரத்துக்கு வடக்கே கொட்டில் போட்டுவிட்டு, "மார்கழியில நல்லா நிழல் இருந்துச்சே" என்று ஆனியில் தேடினால் கிடைக்காது. கொட்டில் மரத்துக்கு நேர் அடியில் இருக்க வேண்டும். அல்லது வடக்கிலும் தெற்கிலும் மரம் வேண்டும்.

மூன்றாவது, தரை. வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் எதிரடிக்கும். உலக நலவாழ்வு நிறுவனம் சொல்லும் கணக்குப்படி புல், மண், தண்ணீர் ஆகியவை தம் மேல் விழும் புறஊதாக் கதிரில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். உலர்ந்த வெள்ளை மணல் பதினைந்து விழுக்காடு வரை அனுப்பும். என் வெள்ளையன் படுத்திருந்த இடத்துக்கு முன்னால் சிமெண்டுக் களம், பக்கத்தில் பளபளக்கிற புதுத் தகரம். தகரத்துக்கு அடியில் படுத்து மூக்கைக் களத்தின் பக்கம் நீட்டிக் கொண்டிருப்பான். நிழலில் இருக்கிறான் என்று நான் நினைத்தேன். மூக்கு வெளியே இருந்திருக்கிறது.

நான்காவது, நிழல்வலை. நாற்றங்காலில் மிச்சமிருந்த பச்சை வலையைக் கட்டினால் போதும் என்று கட்டினேன். ஐம்பது விழுக்காடு நிழல்வலை என்றால் பாதி வெயில் உள்ளே வரும் என்றுதானே பொருள்? நாற்றுக்கு அது சரி. ரோஸ் மூக்குக்குப் போதாது. மேகம் போட்ட நாளிலும் அலட்சியம் வேண்டாம். மெல்லிய மேகத்தைத் தாண்டிப் புறஊதாக் கதிர் வந்துவிடும்.

கொட்டில் போட்ட கணக்கு

இப்போது எங்கள் ஏற்பாடு இது. வேம்புக்கு நேர் அடியில் நான்கு பனங்கம்பு நட்டு, மேலே தென்னங்கிடுகு இரண்டு அடுக்கு வேய்ந்திருக்கிறோம். நான்கு பக்கமும் காற்று ஓடும். ஆனால் கூரை விளிம்பைத் தாழ்வாக இறக்கிவிட்டதால் சாய்ந்த வெயில் உள்ளே வராது. தரை சிமெண்ட் இல்லை, மண். நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து ஆற்றுமணல் போட்டு, காலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவோம். அந்த ஈரத்தில் வயிற்றை வைத்துப் படுத்தால் அவன் எழுந்திருப்பதே இல்லை. களத்தின் பக்கம் வெட்டிவேரை வரிசையாக நட்டிருக்கிறோம். எதிரடிக்கும் வெயிலை அது தடுக்கிறது. தண்ணீர்ச் சட்டி நிழலுக்குள்ளேயே இருக்கிறது. இல்லாவிட்டால் தண்ணீருக்காக வெளியே வந்து அங்கேயே படுத்துவிடுவான்.

வடக்கிலும் தெற்கிலும் புங்கன் கன்று நட்டிருக்கிறோம். அடர்ந்த நிழல், மாட்டுத் தொந்தரவு குறைவு, இலை தழையுரமாகும், விதை எண்ணெய்க்கு ஆகும். வளர்ந்து வரும் வரைக்கும் கிடுகுக் கூரையை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான்.

எல்லாம் சரி, மயிலுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். பகல் காவலிலிருந்து வெள்ளையனை எடுத்துவிட்டேன். கடலை முளைக்கிற பத்து நாளும் காலையும் மாலையும் நானும் என் அம்மாவும் மாறி மாறிக் காட்டில் நின்றோம். பளபளக்கிற நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினோம். அப்படியும் மயில் கொஞ்சம் கொத்தியது. கிழக்கு ஓரத்தில் மூன்று பாத்தி பாழ். வருத்தம்தான். ஆனால் இரவுக் காவல் முன்பைவிட நன்றாக நடக்கிறது. பகலெல்லாம் வெயிலில் வெந்து, இரவில் சோர்ந்து கிடந்தவன் இப்போது பகலில் தூங்கி, இருட்டியதும் தெம்பாக எழுகிறான். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் வரப்பைச் சுற்றுவேன். அவன் குரைத்தால் போதும், பன்றி விலகிவிடும். அவிழ்த்து விட்டு விரட்டச் சொல்வது நாய்க்கும் ஆபத்து, சட்டப்படியும் தவறு.

தடவக் கூடாதவை

நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாமல் இருக்க இதைத் தனியாக எழுதுகிறேன். நாயின் மூக்கில் எதைத் தடவினாலும் அது வாய்க்குள் போகும். மூக்கில் போடுவது, ஊட்டிவிடுவதற்குச் சமம். அதனால் தின்னக்கூடாத எதையும் தடவக்கூடாது.

நான் தடவிய வெள்ளைக் களிம்பில் இருந்தது துத்தநாக ஆக்சைடு. மனிதத் தோலுக்கு நல்ல மருந்து. நாய் தொடர்ந்து நக்கி விழுங்கினால் துத்தநாகம் உடம்பில் சேர்ந்து இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கலாமைன் லோஷனிலும் அது இருக்கிறது. மனிதர்களுக்கான சன்ஸ்கிரீன் பலவற்றில் துத்தநாகமோ சாலிசிலேட் வகைப் பொருளோ இருக்கும். அதுவும் நாய்க்கு ஆகாது. "குழந்தைக்கே போடுறோமே" என்ற வாதம் இங்கே செல்லாது. குழந்தை மூக்கை நக்குவதில்லை.

வேப்பெண்ணெய், நீலகிரித் தைலம், கற்பூரம், சுண்ணாம்பு, புகையிலைச் சாறு எதுவும் வேண்டாம். எரியும், நஞ்சாகும், மோப்பத்தையும் கெடுக்கும். சொறிக்குத் தடவுவதாகச் சொல்லி, கழித்துப் போட்ட என்ஜின் ஆயிலை நாய்க்குப் பூசும் வழக்கம் இன்னும் ஊர்ப்பக்கம் இருக்கிறது. அது முழு நஞ்சு. நஞ்சில்லா உணவு விளைவிக்கிறோம் என்று சொல்கிற தோட்டத்தில் அது நடக்கவே கூடாது.

தேங்காய் எண்ணெய்? இரவில் ஒரு சொட்டுத் தடவினால் காய்ந்த மூக்கு மிருதுவாகும், நக்கினாலும் கெடுதல் இல்லை. ஆனால் வெயிலை அது தடுக்காது. எண்ணெய் தடவிவிட்டோம் என்று வெயிலில் கட்டக்கூடாது.

வெளியூர்ப் பயணம், தடுப்பூசி முகாம் என்று பகலில் கூட்டிப்போக வேண்டிய நாள்கள் இருக்கும். அதற்கு நாய்களுக்கென்றே செய்த சன்ஸ்கிரீன் கிடைக்கிறது. துத்தநாகமும் சாலிசிலேட்டும் இல்லாததா என்று மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு மெல்லத் தடவி, ஊறும் வரை கையில் எதையாவது காட்டி நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வறுத்த கடலையைக் காட்டுவோம். மூன்று நான்கு மணி நேரத்தில் மறுபடி தடவ வேண்டும். இது அவசரத்துக்குத்தான், நிழலுக்கு மாற்று அல்ல.

கறுப்பு மூக்குக்காரர்களுக்கும் ஒரு சொல்

"எங்க வீட்டுல சிப்பிப்பாறை, மூக்கு கருகருன்னு இருக்கும். எங்களுக்குக் கவலை இல்ல" என்றார் கூட்டத்தில் ஒரு நண்பர். கவலை குறைவுதான், ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கறுப்பு மூக்கு சில நாய்களுக்கு இடையில் நிறம் வெளுத்து, மேற்பரப்பில் உள்ள சொரசொரப்பு போய் வழவழவென்று ஆகி, பிறகு வெடித்துப் புண்ணாகும். உடம்பின் எதிர்ப்பாற்றலே தன் தோலைத் தாக்குவதால் வரும் நோய் அது. வெயில் பட்டால் கூடும். அதற்கு வைத்தியம் வேறு, ஆனால் அதற்கும் முதல் மருந்து நிழல். அதேபோல் மூக்கும் பாதமும் தடித்துக் காய்ந்து, கூடவே காய்ச்சலும் மூக்கொழுகலும் இருந்தால் அது டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம். வெயில்தான் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குட்டியிலேயே தடுப்பூசி போட்டிருந்தால் அந்தப் பயம் பெரிதும் இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிறுதோறும் மூக்குப் பார்க்கும் நாள். மாட்டுக்கு உண்ணி பார்ப்பது போலவே வெள்ளையன் மூக்கையும் காது நுனியையும் கண்ணிமையையும் வயிற்றையும் என் மகள் விரலால் தடவிப் பார்க்கிறாள். ரோஸ் நிறம் சிவப்பாகிறதா, செதில் உதிர்கிறதா, பொருக்குக் கட்டுகிறதா, வெடிப்பு உண்டா? இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணும் முள் கீறியது அல்ல. பொருக்கு உதிர்ந்து உதிர்ந்து மறுபடி கட்டினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நான் ஆறு வாரம் தாமதித்தேன்.

ரோஸ் மூக்கைத் தேடி ஓடுகிறோம்

இராசபாளையம் நாய் நம் மண்ணின் பெருமை. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாட்டு நாய் அஞ்சல்தலைகளில் அதுவும் ஒன்று. சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாய் இனப்பெருக்கப் பிரிவு வைத்து நம் நாட்டு இனங்களை வளர்த்தது. அந்த இனத்தைக் காக்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால் சந்தையில் கேட்கிற கேள்வியைக் கவனியுங்கள். "ஒரு கறுப்பு முடிகூட இல்லாம பால் வெள்ளையா? மூக்கு நல்ல ரோஸா?" இவற்றுக்குத்தான் விலை. நிறமி குறையக் குறைய மூக்கு மட்டும் வெந்து போவதில்லை. உள்காதுக்கும் நிறமிச் செல்கள் வேண்டும்; அவை இல்லாமல் பிறக்கும் குட்டிக்குக் காது கேட்காமல் போகிறது. முழு வெள்ளை இராசபாளையக் குட்டிகளில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். பளபளப்பைப் பார்த்துக் கத்தரி விதையைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் சுவையையும் தாங்கும் திறனையும் தொலைத்த கதையை நாம் அறிவோம். நாய்க்கும் அது நடக்க வேண்டாம். குட்டி வாங்கப் போனால் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்புகிறதா என்று கவனியுங்கள். தாய் தகப்பனுக்குக் காது கேட்கிறதா, மூக்கிலும் தோலிலும் புண் உண்டா என்று கேளுங்கள். வாங்கி வந்தால், குட்டிக்குப் பெயர் வைக்கும் முன் நிழலுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இதை எழுதும்போது மணி ஒன்றேகால். பங்குனி வெயில் களத்தில் கண்ணைப் பறிக்கிறது. கிடுகுக் கூரைக்கு அடியில் ஈர மணலில் வெள்ளையன் தூங்குகிறான். மூக்கை முன்கால்களுக்கு நடுவில் புதைத்திருக்கிறான். தெற்குப் புங்கன் இப்போது என் இடுப்பு உயரம். அது நிழல் தரும்போது வெள்ளையனுக்கு வயதாகியிருக்கும். பரவாயில்லை, அவனுக்குப் பின்னாலும் இந்தத் தோட்டத்தில் நாய் இருக்கும்.

நண்பர்களே, நாளை உச்சிப் பொழுதில் உங்கள் தோட்டத்தில் ஒரு நடை போய், உங்கள் நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பாருங்கள். நிழலில் இருந்தால் நல்லது. மூக்கும் நிழலில் இருக்கிறதா என்று குனிந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.